'தக்கது', 'பட்டது', 'ஆவோம்': பசுமைச் சொற்களுள் எதை நம்பி வாங்குவது?

நண்பர் ஒருவர் தம் அலுவலக ஆண்டு விழாவுக்குக் குடிநீர்க் குவளைகள் வாங்கும் பொறுப்பை ஏற்றிருந்தார். நானூறு பேர், ஒரே நாள். மூன்று விற்பனையாளர்களிடமிருந்து விலைப்பட்டியல் வந்தது. முதலாமவர் தம் குவளையை 'பயோடிகிரேடபிள்' என்றார். இரண்டாமவர் 'கம்போஸ்டபிள்' என்றார். மூன்றாமவர் 'நூறு விழுக்காடு ரீசைக்கிளபிள்' என்றதோடு நில்லாமல் 'கார்பன் நியூட்ரல்' என்றும் சேர்த்திருந்தார். விலையில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. மூன்றையும் எனக்கு அனுப்பி, "இதில் எது நல்லது என்று மட்டும் சொல்லுங்கள், போதும்" என்று கேட்டார். பொருளுறைகளில் அச்சாகும் வாசகங்களைத் தமிழாக்குவது என் தொழில் என்பதால், எனக்கு விடை தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார்.

எனக்குத் தெரிந்ததோ சற்றுச் சங்கடமான செய்தி. முதல் இரண்டு சொற்களையும் தமிழில் எழுதச் சொன்னால் நம்மில் பெரும்பாலோர் 'மக்கும்' என்ற ஒரே சொல்லைத்தான் எழுதுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படியே எழுதிக் கூலி வாங்கியிருக்கிறேன். ஆனால் அவ்விரண்டில் ஒன்றுக்குக் காலக்கெடு, வெப்பநிலை, எஞ்சும் துணுக்கின் பருமன் வரை வரையறை உண்டு. மற்றொன்று தனித்து நிற்கும்போது அதற்கு எந்த வரையறையும் இல்லை. இப்படி ஒன்றுபோல் ஒலித்து வேறாகப் பொருள்படும் சொற்கள் பசுமை விற்பனையில் ஏராளம். அவற்றை இணை இணையாக வைத்து, வாங்குபவர் எதை எப்போது தேர்வது என்று இங்கே பார்க்கலாம்.

## எதைக் கொண்டு எடைபோடுவது

முதலில் வினையின் காலத்தைப் பாருங்கள். 'மறுசுழற்சி செய்யப்பட்டது' என்பது நடந்து முடிந்த செயல். 'மறுசுழற்சி செய்யத்தக்கது' என்பது யாரேனும் செய்தால் நடக்க வாய்ப்புள்ள செயல். 'கார்பன் வெளியீட்டில் சுழியம் ஆவோம்' என்பது இனிமேல் செய்வதாகச் சொல்லப்படும் செயல். உறைமேல் 'ரீசைக்கிள்டு' என்றும் 'ரீசைக்கிளபிள்' என்றும் இருந்தால் கண் இரண்டையும் ஒன்றாகவே படித்துக் கடந்துவிடுகிறது. தமிழில் எழுதினால் 'பட்ட', 'தக்க' என்று வேறுபாடு முகத்தில் அடிக்கிறது. ஆகவே ஐயம் வரும்போது அந்த வாசகத்தை மனத்துக்குள் தமிழாக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

அடுத்தது அளவு. எத்தனை விழுக்காடு, எவ்வளவு காலத்தில், எந்தச் சூழலில் என்ற மூன்றும் இல்லாத வாசகம் விளம்பரமே ஒழியத் தகவல் அன்று.

மூன்றாவது, சொன்னவர் யார் என்பது. பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓ, சுற்றுச்சூழல் முத்திரைகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது. வெளியார் ஒருவர் வகுத்த நிபந்தனைகளின்படி சோதித்துத் தரும் முத்திரை ஐஎஸ்ஓ 14024இன் கீழ் வரும். 1978இல் ஜெர்மனியில் தொடங்கிய 'நீல தேவதை' முத்திரை இவ்வகையில் உலகுக்கே மூத்தது. உற்பத்தியாளர் தாமே அறிவித்துக்கொள்ளும் வாசகத்துக்கு ஐஎஸ்ஓ 14021 பொருந்தும். பொருளின் முழு ஆயுளுக்கான எண்களை, நல்லது கெட்டது என்ற தீர்ப்பு சொல்லாமல், அட்டவணையாக வெளியிடும் அறிக்கை ஐஎஸ்ஓ 14025 வகை. கடையில் நாம் காணும் வாசகங்களில் மிகுதியும் இரண்டாம் வகையே. அது பொய் என்று பொருளன்று. சரிபார்க்கும் வேலை நம் தலையில் விழுகிறது என்று பொருள்.

நான்காவது, வாசகம் எதைப் பற்றியது என்பது. பெட்டியைப் பற்றியதா, உள்ளிருக்கும் பொருளைப் பற்றியதா, தயாரித்த ஆலையைப் பற்றியதா? பசுமையான இலைப்படம் பெட்டியில் இருக்கும், வாசகத்தின் அடியில் பொடி எழுத்தில் 'வெளி அட்டை மட்டும்' என்று இருக்கும்.

கடைசியாக, வாங்கியபின் நாம் செய்ய வேண்டியது என்ன என்ற கேள்வி. எந்தத் தொட்டியில் போட வேண்டும், அதை யார் எடுத்துச் செல்வார்கள், எங்கே கொண்டு சேர்ப்பார்கள்? மறைசெலவுகள் அனைத்தும் இந்தக் கேள்விக்குள்தான் ஒளிந்திருக்கின்றன. ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான் நேரமிருக்கிறது என்றால் இதையே கேட்கச் சொல்வேன்.

## பயோடிகிரேடபிளா, கம்போஸ்டபிளா?

நுண்ணுயிர்கள் ஒரு பொருளைத் தின்று நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் தம் உடல்பொருளாகவும் மாற்றிவிடும் என்றால் அது பயோடிகிரேடபிள், அதாவது உயிரிச்சிதைவுறுவது. காற்றில்லாத இடத்தில் கார்பன் டை ஆக்சைடுடன் மீத்தேனும் வரும். இந்த வரையறையில் காலமும் இல்லை, இடமும் இல்லை. மரக்கட்டையும் பயோடிகிரேடபிள்தான், வாழைத்தோலும் பயோடிகிரேடபிள்தான். ஒன்றுக்குப் பல பத்தாண்டுகள், மற்றொன்றுக்குச் சில வாரங்கள். ஆகவே 'பயோடிகிரேடபிள்' என்ற ஒற்றைச் சொல்லை அச்சிட்டு நிறுத்திவிட்ட குவளை நம்மிடம் ஏறத்தாழ எதையுமே சொல்லவில்லை. அமெரிக்க வணிக ஆணையம் 1992இல் வெளியிட்டு 2012இல் கடைசியாகத் திருத்திய பசுமை வாசக வழிகாட்டுதல்கள், வழக்கமான முறையில் குப்பையில் போட்டபின் ஓராண்டுக்குள் முழுமையாகச் சிதையாத பொருளை எந்த விளக்கமும் இன்றி 'சிதைவுறுவது' என்று சொல்லக்கூடாது என்கின்றன. குப்பைக்கிடங்குக்குப் போகும் பொருள்களுள் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் தேறா. நன்றாக மூடி அழுத்திய கிடங்கில் காற்றும் ஈரமும் குறைவு என்பதால் செய்தித்தாள்கூட ஆண்டுக்கணக்கில் படிக்கும் நிலையிலேயே கிடக்கும்.

கம்போஸ்டபிள், அதாவது உரமாகத்தக்கது, இதைவிடக் கறாரான சொல். ஐரோப்பியத் தரமான இஎன் 13432 வகுக்கும் நிபந்தனைகளைப் பாருங்கள். பொருளின் கார்பனில் 90 விழுக்காடு ஆறு மாதங்களுக்குள் கார்பன் டை ஆக்சைடாக மாற வேண்டும். 12 வாரங்களுக்குப் பின் 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் மேலே தங்குவது மூல எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. கன உலோகங்கள் வரம்புக்குள் இருக்க வேண்டும். கிடைக்கும் உரத்தில் பயிர் முளைத்து வளர வேண்டும். இவ்வளவும் எழுதிய பிறகு, பலர் கவனிக்காமல் விடும் ஒரு நிபந்தனை மிஞ்சுகிறது. இந்தச் சோதனை 58 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில், ஆலை அளவிலான உரக்குவியலைப் பாவித்து நடத்தப்படுவது. வீட்டுக் கொல்லையிலுள்ள உரக்குழி அந்தச் சூட்டை எட்டுவது அரிது. எட்டினாலும் வாரக்கணக்கில் நிலைப்பதில்லை.

இதை நான் கையாலேயே பார்த்தேன். கம்போஸ்டபிள் முத்திரையுள்ள பிஎல்ஏ குவளை ஒன்றை எங்கள் வீட்டு உரக்குழியில், காய்கறித் தோலுக்கும் சருகுக்கும் நடுவே புதைத்துவைத்தேன். ஒன்பது மாதம் கழித்துக் குழியைக் கிளறியபோது தோலும் சருகும் கருமண்ணாகி விரலில் உதிர்ந்தன. குவளையோ கழுவி எடுத்தால் மீண்டும் தண்ணீர் குடிக்கலாம் போலிருந்தது. விளிம்பு சற்றே மங்கியிருந்தது, அடியில் அச்சான இலைப்படம்கூட அழியவில்லை. முத்திரை பொய் சொல்லவில்லை. பிஎல்ஏ என்பது மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் எடுக்கப்படும் லாக்டிக் அமிலத்தாலான பிளாஸ்டிக். சுமார் 60 பாகை அளவில்தான் அது இளகத் தொடங்கும், அந்தச் சூட்டை ஒட்டித்தான் நீர் அதன் சங்கிலிகளை அறுத்து நுண்ணுயிர்களுக்கு வழிவிடும். என் குழியில் அந்தச் சூடு இல்லை, அவ்வளவுதான்.

வீட்டுக் குழியிலேயே உரமாக வேண்டும் என்றால் அதற்கென்று தனி முத்திரை உண்டு. ஆஸ்திரேலியாவின் ஏஎஸ் 5810, பிரான்சின் என்எஃப் டி51-800 போன்ற தரங்கள் 20 முதல் 30 பாகை வரையிலான சாதாரண வெப்பத்தில், ஓராண்டுக்குள் உயிரிச்சிதைவு நிகழ வேண்டும் என்று கேட்கின்றன. உறைமேல் 'ஹோம் கம்போஸ்டபிள்' என்று இல்லாமல் 'கம்போஸ்டபிள்' என்று மட்டும் இருந்தால், அதை 'ஆலையில் மட்டும்' என்றே படிக்க வேண்டும்.

மறைசெலவுக்கு வருவோம். உரமாக்கும் ஆலைக்குச் சென்று சேராத கம்போஸ்டபிள் குவளைக்கு மூன்று வழிகள் உண்டு. கிடங்குக்குப் போனால், ஒன்று அசையாமல் கிடக்கும், அல்லது காற்றில்லாச் சூழலில் சிதைந்து மீத்தேனை வெளியிடும். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பம் பிடிக்கும் வாயு. தெருவிலோ நீர்நிலையிலோ விழுந்தால் மற்றப் பிளாஸ்டிக்கைப் போலவே நெடுங்காலம் கிடக்கும். மறுசுழற்சித் தொட்டியில் விழுந்தால் இன்னும் மோசம். தெளிவான பிஎல்ஏவும், தண்ணீர் பாட்டில் செய்யப் பயன்படும் பெட் (பிஇடி) என்ற பிளாஸ்டிக்கும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால், கலந்துவிட்ட பிஎல்ஏ உருக்கப்படும் பெட்டின் தரத்தைக் கெடுத்துவிடும். நல்லெண்ணத்தோடு தவறான தொட்டியில் போடப்படும் குவளை, சரியான தொட்டியில் கிடந்தவற்றையும் சேர்த்து வீணாக்குகிறது.

அப்படியானால் எது எப்போது? உணவுக்கழிவைத் தனியே திரட்டி ஆலையில் உரமாக்கும் ஏற்பாடு உள்ள இடத்தில், உணவோடு ஒட்டியே கழியும் பொருள்களுக்கு, அதாவது கழிவுப் பைகளுக்கும் எச்சில் படிந்த தட்டுகளுக்கும், கம்போஸ்டபிள் தெளிவாகவே மேலானது. அங்கே அதற்குப் போட்டியே இல்லை. பயோடிகிரேடபிள் என்ற சொல் மதிப்புப் பெறும் இடம் வேறு. சோப்பும் சலவைத்தூளும் நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நீரில்தான் கலக்கும். அங்கே நீரில் விரைவாகச் சிதைவது மிக முக்கியம். அதை அளக்க ஓஇசிடி 301 என்ற 28 நாள் சோதனை இருக்கிறது. வயலில் விரிக்கும் மூடாக்குத் தாளுக்கு, மண்ணில் இரண்டாண்டுக்குள் 90 விழுக்காடு சிதைய வேண்டும் என்று இஎன் 17033 கேட்கிறது. கவனியுங்கள், இரண்டிலும் 'எங்கே', 'எத்தனை நாளில்' என்ற விடைகள் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. அவை இல்லாத 'பயோடிகிரேடபிள்' பையை, விலை குறைவு என்பதற்காக வாங்கலாமே தவிர, நல்லது என்பதற்காக வாங்க வேண்டியதில்லை.

'ஆக்சோ டிகிரேடபிள்' என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம், வைத்துவிடுங்கள். சாதாரணப் பிளாஸ்டிக்கில் ஒரு சேர்மத்தைக் கலந்து விரைவில் நொறுங்கச் செய்வது அது. நொறுங்குவது வேறு, மட்குவது வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இயற்றிய ஒருமுறைப் பிளாஸ்டிக் சட்டத்தால் இவ்வகைப் பொருள்கள் 2021 ஜூலை முதல் அங்கே சந்தைக்கு வர முடியாது.

போகிற போக்கில் 'பயோ' என்ற முன்னொட்டைப் பற்றியும் ஒரு சொல். 'பயோபேஸ்டு' என்பது பொருள் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறது. அது எங்கே போய்ச் சேரும் என்பதைச் சொல்லவில்லை. கரும்பிலிருந்து எடுத்த பாலிஎத்திலீன், பெட்ரோலியத்திலிருந்து எடுத்த பாலிஎத்திலீனைப் போலவே சிதையாது. மறுபுறம், பெட்ரோலியத்திலிருந்து தயாராகும் பிபிஏடி என்ற பிளாஸ்டிக் உயிரிச்சிதைவுறும். பிறப்பும் இறப்பும் தனித்தனிக் கேள்விகள்.

## ரீசைக்கிளபிளா, ரீசைக்கிள்டா?

இந்த இணையில் என் சார்பு வெளிப்படையானது: நான் 'பட்டது' பக்கம். ஏனென்று சொல்கிறேன்.

ரீசைக்கிளபிள் என்ற சொல்லுக்கு முன்னே ஒரு நீண்ட 'ஆனால்' இருக்கிறது. பொருள் கோட்பாட்டளவில் மறுசுழற்சிக்கு ஏற்றதாக இருக்கலாம், ஆனால் அதைத் திரட்டுபவர் வேண்டும், பிரிக்கும் எந்திரம் அதை அடையாளம் காண வேண்டும், வாங்கும் ஆலை வேண்டும், அந்த ஆலைக்குக் கட்டுப்படியாக வேண்டும். கரும்புகைத்தூள் கலந்த கறுப்பு உணவுப்பெட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் பிளாஸ்டிக் நல்ல பிளாஸ்டிக்தான், ஆனால் பிரிப்பு எந்திரத்தின் அகச்சிவப்பு ஒளியைக் கறுப்பு நிறமி விழுங்கிவிடுவதால் எந்திரத்தின் கண்ணுக்கு அந்தப் பெட்டி அங்கே இல்லவே இல்லை. காகிதக் குவளை இன்னொன்று. உட்புறத்தில் ஒட்டியுள்ள மெல்லிய பாலிஎத்திலீன் படலத்தைப் பிரிக்கும் வசதி சில ஆலைகளில் மட்டுமே உண்டு. மற்ற இடங்களில் அது வெறும் குப்பை. முன்சொன்ன அமெரிக்க வழிகாட்டுதல், நுகர்வோரில் அல்லது ஊர்களில் குறைந்தது 60 விழுக்காட்டுக்கு வசதி எட்டினாலொழிய 'ரீசைக்கிளபிள்' என்று விளக்கமின்றிச் சொல்லக்கூடாது என்கிறது. அப்படியும் மீதி 40 விழுக்காட்டில் நீங்கள் இருக்கலாம்.

முக்கோணச் சின்னம் இந்தக் குழப்பத்தைப் பெருக்கியது. ஒன்றை ஒன்று துரத்தும் மூன்று அம்புகளை 1970இல் கேரி ஆண்டர்சன் என்ற மாணவர் ஒரு போட்டிக்காக வரைந்தார். 1988இல் பிளாஸ்டிக் தொழில்துறை அதே போன்ற முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரையிலான எண்களை இட்டுப் பிளாஸ்டிக் வகையைக் குறிக்கத் தொடங்கியது. 1 என்றால் பெட், 2 என்றால் உயரடர்வு பாலிஎத்திலீன், 6 என்றால் பாலிஸ்டைரீன், 7 என்றால் 'மற்றவை'. எண் பிளாஸ்டிக்கின் வகையைச் சொன்னது. மக்கள் அதை மறுசுழற்சிக்கான உறுதியாகப் படித்தார்கள். 2013இல் தரத்தைத் திருத்தி அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக்கினார்கள், என்றாலும் பழைய அச்சுகள் இன்றும் ஓடுகின்றன. 2017இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 2015 வரை உலகில் உண்டான பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சி கண்டது சுமார் 9 விழுக்காடுதான். 12 விழுக்காடு எரிக்கப்பட்டது. மீதி கிடங்கிலோ வெளியிலோ கிடக்கிறது. 'தக்கது' என்ற சொல்லின் மதிப்பை இந்த எண்ணை வைத்துத்தான் கணிக்க வேண்டும்.

ரீசைக்கிள்டு என்ற சொல்லுக்கு உங்கள் ஒத்துழைப்பு தேவையில்லை. செயல் முடிந்துவிட்டது; நீங்கள் வாங்கும்போதே பலன் உள்ளே இருக்கிறது. ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. பயன்படுத்தி முடித்தவர் குப்பையில் போட்டதிலிருந்து எடுத்தது 'போஸ்ட் கன்ஸ்யூமர்'. ஆலையில் மிஞ்சிய துண்டு இன்னோர் ஆலைக்குப் போனால் 'பிரி கன்ஸ்யூமர்'. இரண்டையும் மறுசுழற்சி உள்ளடக்கமாகக் காட்ட ஐஎஸ்ஓ 14021 அனுமதிக்கிறது. அதே எந்திரத்தில் விழுந்த துண்டை அதே எந்திரத்துக்குள் திருப்பிப் போடுவதை மட்டும் கணக்கில் சேர்க்கவிடுவதில்லை. எந்த அச்சகமும் காகித ஓரத்தைக் குப்பையில் கொட்டப்போவதில்லை, எப்படியும் விற்றுவிடும். ஆகவே 'போஸ்ட் கன்ஸ்யூமர் 50 விழுக்காடு' என்பது, வகை சொல்லாத '100 விழுக்காடு ரீசைக்கிள்டு' என்பதைவிட எனக்கு நம்பிக்கை தருகிறது. இன்னொன்று, 'மாஸ் பேலன்ஸ்' என்று, அதாவது புதிய மூலப்பொருளையும் பழையதையும் கலந்துவிட்டுக் கணக்கில் மட்டும் பிரித்துக்காட்டும் முறை என்று, பொடி எழுத்தில் இருந்தால், அந்த விழுக்காடு ஆலையின் பேரேட்டில் சரியாக இருக்கும். உங்கள் கையிலுள்ள பொருளுக்குள் அதே அளவு இருந்தாக வேண்டும் என்பதில்லை.

'ரீசைக்கிள்டு பாலியெஸ்டர்' ஆடையில் வேறொரு மறைசெலவு இருக்கிறது. அதன் மூலப்பொருள் பெரும்பாலும் பெட் பாட்டில். பாட்டில் மீண்டும் பாட்டிலாகிச் சுற்றில் நிற்கக்கூடும். ஆடையானபின் அதை மீண்டும் நூலாக்கும் வசதி மிகக் குறைவு, துவைக்குந்தோறும் நுண்ணிழைகள் வேறு உதிரும்.

ரீசைக்கிளபிளைத் தேர்வதே சரி என்ற இடங்களும் உண்டு. அலுமினியம், எஃகு, கண்ணாடி, நிறமற்ற பெட் பாட்டில் ஆகியவற்றுக்கு எங்கும் பழைய பொருள் வாங்குபவர் இருப்பார், ஏனெனில் அதில் காசு இருக்கிறது. தாதுவிலிருந்து எடுப்பதோடு ஒப்பிட்டால் பழைய அலுமினியத்தை உருக்குவதற்குச் சுமார் 95 விழுக்காடு குறைந்த ஆற்றல் போதும். அதற்கு 'தக்கது' என்ற சொல் பெரும்பாலும் 'பட்டது' ஆகிவிடுகிறது. உணவு நேரடியாகப் படும் பிளாஸ்டிக்கிலும் மறுசுழற்சி உள்ளடக்கத்துக்குப் பாதுகாப்பு விதிகள் குறுக்கே நிற்பதால், ரீசைக்கிளபிள் மட்டுமே கிடைக்கலாம்.

## ஒருமுறையா, பலமுறையா?

'ரீயூசபிள்' என்பதும் 'தக்கது' குடும்பத்தைச் சேர்ந்ததே, மறக்க வேண்டாம். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018இல் கடைப்பைகளை ஒப்பிட்டது. தட்பவெப்ப மாற்றம் என்ற ஒரே அளவுகோலில் பார்த்தால், ஒரு பருத்திப் பை மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக 52 முறை பயன்பட வேண்டும். நீர், ஓசோன் முதலிய எல்லா அளவுகோல்களையும் சேர்த்தால் 7,100 முறை. கடைசி எண்ணைக் காட்டிப் பருத்திப் பையைப் பழிப்போர் ஒன்றை மறைக்கிறார்கள்: அக்கணக்கில் தெருவிலும் கடலிலும் கிடக்கும் பிளாஸ்டிக்கின் தீங்கு சேரவில்லை. ஆனாலும் 52 என்ற எண்ணைத் தள்ளிவிட முடியாது. விழாவுக்கு விழா இலவசமாக வந்து அலமாரியில் மடிந்து கிடக்கும் பத்துப் பைகள் அந்த 52ஐ எட்டப்போவதே இல்லை. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பை, அது எதனால் ஆனதாக இருந்தாலும், புதிதாக வாங்கும் எந்தப் பையையும்விட நல்லது.

## கார்பன் நியூட்ரலா, நெட் ஜீரோவா?

கார்பன் நியூட்ரல் என்றால், ஒரு பொருளால் அல்லது நிறுவனத்தால் வெளியான பசுங்குடில் வாயுக்களைக் கணக்கிட்டு, குறைத்ததுபோக மிஞ்சிய அளவுக்கு ஈடாக வேறெங்கோ மரம் நடவோ, காடு காக்கவோ, காற்றாலை நிறுவவோ பணம் கொடுத்து நேர்செய்துவிட்டார்கள் என்று பொருள். அந்த ஈட்டுக்குக் கார்பன் ஆஃப்செட் என்று பெயர். எவ்வளவு குறைத்தார்கள், எவ்வளவை ஈடு வாங்கினார்கள் என்பது அந்தச் சொல்லில் தெரியாது. வெளியீட்டில் ஒரு துளியும் குறைக்காமல் முழுவதையும் வாங்கிய ஈட்டால் சரிக்கட்டியவரும் அதே சொல்லை அச்சிட்டிருக்கிறார். நட்ட மரம் எரிந்துபோகலாம்; பணம் வராவிட்டாலும் அந்தக் காடு நின்றிருக்கலாம். இந்த ஐயங்களால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டம், ஈட்டை மட்டும் நம்பி ஒரு பொருளைக் கார்பன் நியூட்ரல் என்று சொல்வதை 2026 செப்டம்பர் 27 முதல் தடைசெய்கிறது.

நெட் ஜீரோ, அதாவது நிகரச் சுழியம், பொருளுக்குரிய சொல்லன்று. நிறுவனத்துக்கோ நாட்டுக்கோ உலகுக்கோ உரியது. புவி வெப்ப உயர்வு 1.5 பாகையோடு நிற்க வேண்டுமானால் உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியீடு 2050ஐ ஒட்டி நிகரச் சுழியமாக வேண்டும் என்று ஐநாவின் தட்பவெப்ப மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசி 2018இல் சொன்னதிலிருந்து இது பரவியது. நிறுவனங்களுக்கென 2021இல் வந்த அறிவியல்சார் இலக்குத் தரம், முதலில் வெளியீட்டையே ஏறத்தாழ 90 விழுக்காடு குறைக்க வேண்டும், எஞ்சிய சிறுபகுதிக்கு மட்டும் காற்றிலிருந்து கார்பனை உண்மையாகவே நீக்கி ஈடுசெய்யலாம் என்கிறது. ஆகவே கட்டுப்பாட்டில் நெட் ஜீரோ கடுமையானது. ஆனால் அது எதிர்காலத்தில் நிற்கிறது. 2050இல் கேட்பதற்கு இன்று வாக்களித்த மேலாளர் அந்த நாற்காலியில் இருக்கமாட்டார்.

இரண்டில் எதையாயினும் மதிப்பிட நான் பார்ப்பது இரண்டு செய்திகளை. ஒன்று, 'ஸ்கோப் 3' கணக்கில் சேர்ந்ததா என்பது. நிறுவனம் தானே எரிக்கும் எரிபொருள் ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2, மூலப்பொருள் விளைவித்தவர் முதல் நாம் பயன்படுத்திக் கழிப்பது வரை மற்ற எல்லாம் ஸ்கோப் 3. பெரும்பாலான நுகர்பொருள்களில் சுமையின் பெரும்பங்கு இந்த மூன்றாவதில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் சுழியமாவது எளிது. மற்றொன்று, ஐந்தாண்டுக்குள் எட்ட வேண்டிய இடைக்கால இலக்கும், எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறார்கள் என்பதும். ஒரு குவளையோ சட்டையோ வாங்கும்போது இரண்டு சொற்களையும் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம். விலையைக் கூட்டிக் கேட்டால் கொடுக்க வேண்டாம். பல ஆண்டுகளுக்கு ஒரே நிறுவனத்திடம் சேவையோ சரக்கோ ஒப்பந்தம் செய்பவர், இடைக்கால இலக்கோடு வரும் நெட் ஜீரோவைத் தேர்வது நல்லது. பொருள் ஒன்றுக்கு இத்தனை கிராம் வெளியீடு என்று நேரடியாக எண் அச்சிட்டிருந்தால், அது இரண்டையும்விட மேல், ஏனெனில் பக்கத்துப் பொருளோடு ஒப்பிட முடியும்.

## இயற்கையானது, ஆர்கானிக், சூழலுக்கு உகந்தது

இதில் நீட்டிப் பேச ஒன்றுமில்லை. 'ஆர்கானிக்' என்பது உணவில் பல நாடுகளில் சட்ட வரையறையும் ஆய்வும் உள்ள சொல். ஐரோப்பிய விதியில் பதப்படுத்திய உணவின் வேளாண் மூலப்பொருள்களில் 95 விழுக்காடாவது அவ்வாறு விளைந்திருக்க வேண்டும். அழகுப்பொருள்களில் பல இடங்களில் அவ்வளவு காவல் இல்லை. 'இயற்கையானது' என்பதற்குப் பெரும்பாலும் வரையறையே கிடையாது. 'சூழலுக்கு உகந்தது', 'பசுமையானது' போன்ற பொத்தாம்பொதுவான சொற்களை ஐஎஸ்ஓ 14021 தன் 1999ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே விலக்கியது. 'நிலைத்தன்மையை எட்டிவிட்டோம்' என்று எவரும் உரிமை கோரக்கூடாது என்றும் சொன்னது. 'சிஎஃப்சி இல்லாதது' (ஓசோன் படலத்தை அரிக்கும் வாயு அது) என்பது உண்மைதான், ஆனால் 1987ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையின் பயனாக 2010க்குள் அதன் உற்பத்தி உலகெங்கும் ஏறத்தாழ நிறுத்தப்பட்டுவிட்டது. இல்லாத ஒன்று இல்லை என்பதற்குப் பாராட்டு எதற்கு?

## ஒரே பார்வையில்

| சொல் | வினையின் காலம் | உறையில் தேட வேண்டியது | உங்கள் பக்கம் தேவைப்படுவது | மேலான தேர்வாகும் இடம் |
|---|---|---|---|---|
| பயோடிகிரேடபிள் | தக்கது | எங்கே, எத்தனை நாளில் | அந்தச் சூழல் | சோப்பு, சலவைத்தூள், வயல் மூடாக்கு |
| கம்போஸ்டபிள் | தக்கது | தர எண், ஆலையா வீடா | தனித் தொட்டி, உர ஆலை | எச்சில் தட்டு, கழிவுப் பை |
| ரீசைக்கிளபிள் | தக்கது | ஒற்றைப் பொருளா, கலவையா | வாங்கும் ஆள் | உலோகம், கண்ணாடி, தெளிந்த பாட்டில் |
| ரீசைக்கிள்டு | பட்டது | விழுக்காடு, போஸ்ட் கன்ஸ்யூமரா | ஒன்றுமில்லை | காகிதம், பை, தொட்டி |
| ரீயூசபிள் | தக்கது | உறுதி, கழுவும் எளிமை | பழக்கம் | நாள்தோறும் பயன்படுபவை |
| கார்பன் நியூட்ரல் | ஈடுசெய்யப்பட்டது | குறைத்த அளவு, ஈட்டின் அளவு | ஒன்றுமில்லை | தனியாகப் பொருட்படுத்த வேண்டாம் |
| நெட் ஜீரோ | ஆவோம் | ஸ்கோப் 3, இடைக்கால இலக்கு | தொடர் கண்காணிப்பு | நீண்டகால ஒப்பந்தம் |

## குவளைக்குத் திரும்பினால்

நண்பர் மூன்று விற்பனையாளர்களுக்கும் ஒரே கேள்வியை அனுப்பினார்: "விழா முடிந்த மறுநாள் இந்தக் குவளை எங்கே போக வேண்டும்?" முதலாமவர், "இயற்கையாகவே மக்கிவிடும் சார், கவலையே வேண்டாம்" என்றார், எண் எதுவும் கேட்டபோது பேச்சை விலைத் தள்ளுபடிக்கு மாற்றினார். இரண்டாமவர் நேர்மையானவர். இஎன் 13432 சான்றிதழின் நகலை அனுப்பி, ஆலைக்குக் கொண்டுசேர்ப்பது வாங்குபவர் பொறுப்பு என்றும் எழுதினார். அலுவலகக் கழிவை எடுத்துச் செல்பவரிடம் விசாரித்தபோது, எல்லாம் ஒரே வண்டியில் கிடங்குக்குத்தான் போகிறது என்று தெரிந்தது. மூன்றாமவருடையது படலம் ஒட்டிய காகிதக் குவளை. பழைய காகிதம் எடுப்பவர் அதைத் தொடவே மறுத்துவிட்டார்.

உர ஆலைக்கு வண்டி போகும் இடமாக இருந்திருந்தால் இரண்டாவதைத் தயங்காமல் வாங்கச் சொல்லியிருப்பேன். அது இல்லாததால், நான்காவதாக ஒரு விலை கேட்கச் சொன்னேன். வாடகைக்கு எஃகு டம்ளர், கழுவ இரண்டு ஆள், ஏற்றி இறக்கும் கூலி எல்லாம் சேர்த்துக் காகிதக் குவளையைவிடச் சற்றுக் கூடுதலாக வந்தது. டம்ளர்கள் எத்தனையோ விழாக்களைப் பார்த்தவை. அடியில் கீறலும் ஒடுக்கும் இருந்தன, பசுமை வாசகம் எதுவும் அச்சாகியிருக்கவில்லை. விழா முடிந்து எண்ணியபோது ஏழு டம்ளர் குறைந்தன. அவற்றின் விலையை வாடகைக்காரர் முன்பணத்தில் கழித்துக்கொண்டார்.